பத்மநாபன் வீட்டு ஏழு ட்ரே மிச்சம்

அமெரிக்காவில் பார்சிப்பனி என்ற ஊரில் பத்மநாபனைப் பற்றி யாரைக் கேட்டாலும், "தங்கமான மனுஷன், வம்புதும்புக்குப் போகமாட்டார்" என்பார்கள். போகாததற்குக் காரணம் தங்கம் அல்ல, பயம். திண்டுக்கல்லில் அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து அவர் காதில் விழுந்த ஒரே அறிவுரை, "நாலு பேர் பாத்தா என்ன சொல்வாங்க" என்பது. அந்த நாலு பேர் யார், எங்கே குடியிருக்கிறார்கள், அவர்களுக்கு வேறு வேலை கிடையாதா என்றெல்லாம் அவர் விசாரித்ததில்லை. மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து நியூ ஜெர்சிக்கு வந்தபோது, அந்த நாலு பேரும் இவருக்கு முன்னாலேயே விசா வாங்கி வந்து காத்திருந்தார்கள்.

வாழ்க்கையில் அவர்களைக் கேட்காமல் அவர் செய்தது ஒரே ஒரு காரியம். அதற்கும் சிறுநீரகக் கல்தான் பொறுப்பு. இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் ஜெர்சி சிட்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் கிடந்தார். அங்கே கொடுத்த சாப்பாட்டை அவர் தொடாமல் திருப்பி அனுப்புவதைப் பார்த்த நர்ஸ், மூன்றாம் நாள் தன் டப்பாவிலிருந்து பாதியை எடுத்து அவருக்கு வைத்தாள். பூண்டைப் பொன்னிறமாகப் பொரித்துப் போட்டு வறுத்த சோறு, மேலே ஒரு முட்டை. பத்மநாபன் தட்டை வழித்துவிட்டு, இது என்ன டிஷ் என்று கேட்டார். "நேத்து மிஞ்சின சோறு" என்றாள் அவள். கல் அன்று சாயங்காலம் இறங்கியது. மனசு மத்தியானமே இறங்கிவிட்டது.

நர்ஸின் பெயர் லுஸ்விமிண்டா. பிலிப்பைன்ஸில் பதங்காஸ் பக்கத்துக்காரி, ஆறு பிள்ளைகளில் மூத்தவள். எல்லோரும் அவளைச் சுருக்கமாக லுஸ் என்றார்கள். கல்யாணம் ஆகும்வரை அந்தப் பெயரில் பத்மநாபனுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. முதல் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் ஒருவர், "வீட்ல பேர் என்னங்க?" என்று கேட்டபோதுதான், தன் பெண்டாட்டியை லூஸ் என்று சபையில் சொல்லப்போகிறோம் என்பது அவருக்கு உறைத்தது. "மிண்டா" என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் வீட்டுக்குள்ளே லுஸ், வெளியே மிண்டா. பெயரின் முன்பாதியை விழுங்கிவிட்டுப் பின்பாதியை மட்டும் ஊருக்குக் காட்டிய புருஷன் அவர்.

பெயரோடு விட்டாரா என்றால், இல்லை. லுஸ்ஸின் சமையலையும் ஒளித்தார். அவள் வீட்டில் எதுவும் குப்பைக்குப் போகாது. ஞாயிற்றுக்கிழமை பொரித்த மீன் மிஞ்சினால், திங்கட்கிழமை அது தக்காளியிலும் முட்டையிலும் புரண்டு புது வேஷத்தில் வரும். கோழி மிஞ்சினால் இஞ்சி தட்டிப் போட்ட கஞ்சியாகும். காய்ந்த ரொட்டி முட்டையும் பாலும் குடித்துப் புட்டிங்காக எழுந்து நிற்கும். ஒரு மீனை வைத்து எட்டுப் பேருக்கு மூன்று நாள் சோறு போட்ட வீட்டிலிருந்து வந்தவள். அவளைப் பொறுத்தவரை மிச்சம் என்பது பாதி முடிந்த சமையல், அவ்வளவுதான்.

பத்மநாபன் அதையெல்லாம் விரல் சூப்பிச் சாப்பிடுவார். ஆனால் ஆபீஸில் டப்பாவைத் திறக்கமாட்டார். பார்க்கிங் லாட்டில் காருக்குள் உட்கார்ந்து, எதிரே குளத்தங்கரையில் மேயும் வாத்துகளுக்கு மட்டும் தெரியும்படி சாப்பிடுவார். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகும் பாட்லக் விருந்து என்றால், இந்தியக் கடைகள் நிறைந்த ஐசலின் ஓக் ட்ரீ ரோட்டுக்குப் போய் ஐம்பது சமோசா வாங்கி, கடைப் பெட்டியைக் காரிலேயே விட்டுவிட்டு, வீட்டுப் பாத்திரத்துக்கு மாற்றி, "வீட்ல செஞ்சது" என்று மேஜையில் வைப்பார். லுஸ் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இந்தப் பாத்திர மாற்றத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மிண்டாவின் சமோசா பார்சிப்பனியில் கொஞ்சம் பிரபலம்கூட.

இந்த வேஷத்துக்கெல்லாம் மூல காரணம் கலாவதி அக்கா. கோபிசெட்டிபாளையத்துக்காரர், வயது ஐம்பத்தாறு, பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்த பொங்கல் குழுவுக்கு யாரும் தேர்ந்தெடுக்காத நிரந்தரத் தலைவி. அவர் கொள்கை ஒன்றே ஒன்று: "பழசெல்லாம் எங்கூட்டுல ஆகாதுங்க. காலைல செஞ்சது மத்தியானத்துக்குக்கூட வெக்கமாட்டேன்." இதை அவர் வாட்ஸ்அப்பில் படம் போட்டு விளக்குவார். பன்னிரண்டு நாள் புளித்த இட்லி மாவு, மூன்று வருஷத்து நார்த்தங்காய் ஊறுகாய், போன கோடையில் ஊரிலிருந்து வந்த பருப்புப் பொடி, இவையெல்லாம் பழசில் சேர்த்தி இல்லை. அவை பாரம்பரியம்.

பொங்கல் விழா வருஷத்துக்கு ஒரு வீட்டில் நடக்கும். பத்மநாபன் முறை இதற்கு முன் இரண்டு தடவை வந்தது. ஒரு தடவை பேஸ்மென்ட்டில் தண்ணீர் கசிவதாகச் சொன்னார். இன்னொரு தடவை அம்மை என்றார். இந்த வருஷம் சொல்வதற்கு ஒன்றும் அகப்படவில்லை. நாற்பது பேருக்கு ஐசலினில் சாப்பாடு ஆர்டர் கொடுத்தார். வெண்பொங்கல், சர்க்கரைப் பொங்கல், சாதம், சாம்பார், அவியல், உருளைக்கிழங்கு வறுவல், வடை. ஏழு பெரிய அலுமினிய ட்ரே.

சனிக்கிழமை காலையில் பனி தூற ஆரம்பித்தது. வரமாட்டோம் என்று எட்டு குடும்பங்கள் மதியத்துக்குள் தகவல் அனுப்பின. வந்தது பதினாலு பேர். கலாவதி அக்காவும் அவர் கணவர் சபரியும் அதில் அடக்கம். பனிக்குப் பயந்து விழாவைத் தள்ளிப் போட்டால் சூரியன் கோபித்துக்கொள்ளும் என்பது அக்காவின் கருத்து. சூரியனை நாலு நாளாக யாரும் பார்க்கவில்லை.

சாப்பிட்டு முடித்து, குழந்தைகள் பாட்டுப் பாடி, பரிசு கொடுத்து முடிப்பதற்குள் ஜன்னலுக்கு வெளியே தெரு காணாமல் போயிருந்தது. நாலு மணிக்கு, அவசர வண்டிகள் தவிர எதுவும் ரோட்டில் ஓடக்கூடாது என்று எல்லோர் ஃபோனும் ஒரே சமயத்தில் அலறியது. சபரி அதையும் மீறிக் காரை எடுத்துப் பார்த்தார். கார் டிரைவ்வேயிலேயே வழுக்கி, தபால் பெட்டியைச் செல்லமாக முட்டி நின்றது. நாளைக்கும் இப்படித்தான் என்றது வானிலை அறிக்கை. பதினாலு விருந்தாளிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, கடைசியில் பத்மநாபன் முகத்தைப் பார்த்தார்கள்.

லுஸ் கம்பளி, போர்வை, யோகா பாய் எல்லாவற்றையும் எடுத்து ஹாலில் அடுக்க ஆரம்பித்தாள். பதினைந்து வயது மகள் ரக்ஷா தன் அறையைச் சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, கலாவதி அக்கா உதவி செய்யக் கிளம்பும்வரை.

அக்கா சமையலறைக்குள் போய், கருப்புக் குப்பைப் பை ஒன்றை உதறித் திறந்து, அவியல் ட்ரேயைச் சாய்க்கப் போனார். முக்கால் ட்ரே அவியல். லுஸ் ஓடிவந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"விடு மிண்டா. நாளைக்கு இது பழசு" என்றார் அக்கா.

இருபது வருஷத்தில் லுஸ் கற்றுக்கொண்ட தமிழ் ஒரு நாற்பது வார்த்தை இருக்கும். அந்தச் சொல் அதில் உண்டு. "பழசு இல்ல. நாளைக்கு வேற" என்றாள்.

அக்கா திரும்பி பத்மநாபனைப் பார்த்தார். வாசற்படியில் நின்ற நாலைந்து பேரும் பார்த்தார்கள். பத்மநாபன் தொண்டையைச் செருமினார்.

"அக்கா சொல்றதும் கரெக்ட்தான். போட்டுடலாம் மிண்டா."

லுஸ் அவரை ஒரு தடவை பார்த்தாள். சண்டைக்கான பார்வை இல்லை. ஆஸ்பத்திரியில் மாத்திரையை நாக்குக்கடியில் ஒளித்து வைக்கும் நோயாளியைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. பிறகு மணிக்கட்டை விட்டுவிட்டு, அவியல் ட்ரேயை வாங்கி மூடினாள். மற்ற ஆறையும் மூடினாள். ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்க் கராஜில் வைத்தாள். அங்கே ஃப்ரிட்ஜுக்கே குளிரெடுக்கும் குளிர். அக்கா கையில் பை காலியாக ஆடிக்கொண்டிருந்தது.

"ஃப்ரிட்ஜ்ல வேற என்னதான் இருக்கு?" என்று பத்மநாபன் மெதுவாகக் கேட்டார்.

"எட்டு முட்டை, பால், நாலு தக்காளி, ஒரு பிடி வெங்காயத்தாளும் மிளகாயும், உன் ஊறுகாய்" என்றாள் லுஸ் ஆங்கிலத்தில். "பதினேழு பேருக்கு நாளைக்கு நீ எதை ஃப்ரெஷ்ஷா சமைக்கப் போறே? ஊறுகாயையா?"

மறுநாள் காலையில் வீடு முழுக்கப் பூண்டு மணத்தது. ஹாலில் போர்வைக்குள்ளிருந்து ஒவ்வொரு தலையாக எழுந்தது. லுஸ் ஒரு பக்கம் பெரிய வாணலியில் சாதத்தை உதிர்த்துப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு அடுப்பில் வெண்பொங்கல் இஞ்சித் தண்ணீரில் நெகிழ்ந்து கஞ்சியாகி, மேலே பொரித்த பூண்டும் வெங்காயத்தாளும் தூவி நின்றது. உருளைக்கிழங்கு வறுவலை மசித்து முட்டையில் கலந்து அடை மாதிரி தட்டி ஒரு தனிக் கல்லில் போட்டாள். அது முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு. சைவக்காரர்களின் கரண்டி வேறு, கல் வேறு. மீன் சாஸ் பாட்டிலைக்கூட முந்தின நாளே துணியில் சுற்றி கார் டிக்கியில் வைத்துவிட்டாள்.

ஒரு பெரியவர் கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, "பத்மநாபன், இது என்ன ஐட்டம்? தொண்டைக்கு எவ்வளவு இதமா இருக்கு" என்றார்.

"இப்பதான் வச்சா அங்கிள். ஃப்ரெஷ்" என்றார் பத்மநாபன். ஃப்ரெஷ்ஷா என்று யாரும் கேட்கவில்லை. பழக்கதோஷம், வாய் தானாகவே சொல்லிவிட்டது.

ரக்ஷா தட்டை வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். "ரியலி, அப்பா?" என்றாள். அவர் கஞ்சிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

மத்தியானம் அவியலின் முறை. லுஸ் அதைத் துணியில் கட்டித் தயிரையும் தண்ணீரையும் பிழிந்தாள். காய்களை எண்ணெயில் சுருள வதக்கி, மிளகு தட்டிப் போட்டாள். ஃப்ரீஸரில் எப்போதும் இரண்டு பாக்கெட் மெல்லிய மாவுத்தாள் வைத்திருப்பாள். அதில் இந்தக் காயை வைத்துச் சுருட்டிச் சுருட்டிப் பொரித்தெடுத்தாள். அவள் ஊரில் இதற்கு லும்பியா என்று பெயர். தொட்டுக்கொள்ள வினிகரும் பூண்டும் பச்சைமிளகாயும். வடைகளைப் புளி கரைத்த சாற்றில் தக்காளியோடு கொதிக்கவிட்டுக் கிண்ணங்களில் கொடுத்தாள். சாம்பார்கூட எங்கேயோ மறைந்து ஏதோவாக வந்தது. பத்மநாபனுக்கே அது எதில் போயிற்று என்று தெரியவில்லை.

கலாவதி அக்கா முதல் லும்பியாவைச் சந்தேகத்தோடு எடுத்தார். இரண்டாவதை ஆராய்ச்சிக்காக எடுத்தார். ஏழாவதை எடுக்கும்போது காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

"தம்பி, உள்ள என்னுங்க காய்?" என்று கேட்டார்.

"கேரட், பீன்ஸ், அந்த மாதிரி. காலைல நறுக்கினா, அக்கா" என்றார் பத்மநாபன்.

அக்கா ஹாலுக்கே பொதுவாகத் திரும்பினார். "பாத்தீங்களா? இதைத்தான் நான் இத்தனை வருசமா சொல்றேன். ஃப்ரெஷ்ஷாச் செஞ்சா அந்த ருசியே தனிங்க. நாக்குப் பொய் சொல்லாது." பிறகு சமையலறைப் பக்கம் பார்த்து, வெளிநாட்டுக்காரர்களுக்குக் காது மந்தம் என்று நினைப்பவர்களின் குரலில், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "மிண்டா. ஸீ. ஃப்ரெஷ் குக்கிங், யூ ஆல்ஸோ கேன் டூ. வொய் ஆல்வேஸ் ஓல்ட் ஓல்ட் ஈட்டிங்?"

லுஸ் அடுப்பு முன்னால் நின்றிருந்தாள். காலை ஐந்தரை மணிக்கு எழுந்தவள். நெற்றி முடி வியர்வையில் ஒட்டியிருந்தது, வலது புறங்கையில் எண்ணெய் தெறித்து இரண்டு சிவப்புப் புள்ளி. அடுத்த லும்பியாவைத் திருப்பிவிட்டாள். பத்மநாபனை அவள் திரும்பிப் பார்த்திருந்தால் அவர் வழக்கம்போல வேறு பக்கம் பார்த்துத் தப்பித்திருப்பார். அவள் பார்க்கவே இல்லை. அவரிடம் எதையும் எதிர்பார்ப்பதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள் என்று அப்போது அவருக்குத் தோன்றியது. அது சிறுநீரகக் கல்லை விட மோசமான இடத்தில் குத்தியது.

"அக்கா" என்றார். குரல் கீச்சென்று வந்தது. "நீங்க சாப்பிட்டது நேத்து அவியல்."

ஹாலில் மெல்லுகிற சத்தம் நின்றது.

"நீங்க குப்பையில கொட்டப் போனீங்களே, அதே அவியல். காலைல குடிச்ச கஞ்சி நேத்து வெண்பொங்கல். சாதம் நேத்து சாதம். வடை நேத்து வடை. சாம்பார் எதுல இருக்குன்னு எனக்கே தெரியல, ஆனா நமக்குள்ளதான் இருக்கு." இந்த இடத்தில் அவர் நிறுத்தியிருக்கலாம். இருபது வருஷமாக மூடியிருந்த குழாய், திறந்ததும் நிற்கவில்லை. "காலைல நான் ஃப்ரெஷ்ஷுன்னு சொன்னது பொய் அங்கிள். சமோசாவும் பொய். அது ஓக் ட்ரீ ரோடு. எல்லா வருஷமும் ஓக் ட்ரீ ரோடு. பேஸ்மென்ட்ல தண்ணி கசியல, எனக்கு அம்மையும் வரல. இவ பேரு மிண்டா இல்லை. லுஸ். லுஸ்னா ஸ்பானிஷ்ல வெளிச்சம்னு அர்த்தம். யாராவது சிரிக்கறதுன்னா இப்பவே சிரிச்சிடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. சமோசா விஷயம்தான் அவர்களை அதிகம் தாக்கியது போலிருந்தது. ஒரு அம்மாள், "அதான் மசாலா ஒரே மாதிரி இருந்ததா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். எல்லோர் கண்ணும் கலாவதி அக்காவின் தட்டில் இருந்தது. அதில் பாதி லும்பியா.

சபரி, முப்பது வருஷமாக வீட்டில் பேச முறை வராத மனிதர், தட்டை நீட்டினார். "லுஸ் மேடம், இன்னும் ரெண்டு இருக்குங்களா?"

அக்கா பாதி லும்பியாவை வாயில் போட்டு, நிதானமாக மென்று, விழுங்கி, தண்ணீர் குடித்தார். "எனக்கு அப்பவே தெரியும்" என்றார். "கூட்டத்துல சொல்லிக் காட்டக்கூடாதுன்னு இருந்தேன்."

அன்று மாலை லுஸ் சர்க்கரைப் பொங்கலில் தேங்காய்ப்பால் ஊற்றிக் கிளறி, ட்ரேயில் அழுத்திப் பரப்பி, ஓவனில் சுட்டு, மேலே தேங்காய்ப்பாலைச் சுண்டக் காய்ச்சி எடுத்த பொன்னிறத் துகளைத் தூவித் துண்டு போட்டாள். பிலிப்பைன்ஸில் இதைப் பீகோ என்று தனியாகவே செய்வார்களாம். அது நேற்றையதா இன்றையதா என்று ஒருவரும் கேட்கவில்லை. குழந்தைகள் மூலைத் துண்டுக்குச் சண்டை போட்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் பனி வாரும் வண்டி வந்து தெருவைத் திரும்பத் தோண்டியெடுத்தது. ஆளுக்கொரு டப்பாவோடு எல்லோரும் கிளம்பினார்கள். கலாவதி அக்கா இரண்டு டப்பா வாங்கிக்கொண்டார், வழியில் பசித்தால் என்று. அவர் வீடு நாலு நிமிஷ தூரம்.

கதவைச் சாத்திவிட்டு பத்மநாபன் சமையலறைக்கு வந்தார். உலகத்தையே எதிர்த்து நின்ற வீரனுக்கு உரிய ஒரு பாராட்டை அவர் உள்ளுக்குள் எதிர்பார்த்தார் என்றுதான் சொல்லவேண்டும். லுஸ் காலி ட்ரேக்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இத்தனை வருஷமா உனக்கு எதுல வெட்கம்? என் பேர்லயா, என் சமையல்லயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அவர் யோசித்தார். பொய் சொல்லச் சௌகரியமாக ஒன்றும் கைவசம் இல்லை. "ரெண்டுலயும்" என்றார்.

"என்மேல?"

"இல்ல. அது இல்ல."

லுஸ் கொஞ்ச நேரம் ட்ரேயின் நசுங்கிய ஓரத்தை விரலால் நீவி நேராக்கினாள். "கலாவதியோட நின்னு சாப்பாட்டைக் கொட்டச் சொன்னியே, அதைத்தான் என்னால இன்னும் முழுங்க முடியல" என்றாள். "சமோசா எனக்கு ஒண்ணும் இல்ல. எனக்கும் சமோசா பிடிக்கும்."

அவர் மன்னிப்புக் கேட்டார். பெரிய வசனமெல்லாம் இல்லை, ஒரு வார்த்தைதான். அவள் ஸ்பாஞ்சை அவர் கையில் கொடுத்துவிட்டுப் படுக்கப் போனாள். பத்து மணிநேரம் தூங்கினாள். பத்மநாபன் பதினேழு பேர் பாத்திரத்தையும் தேய்த்து முடித்துவிட்டு, பசித்ததால், வாணலியின் ஓரத்தில் ஒட்டியிருந்த பூண்டுச் சோற்றைச் சுரண்டித் தின்றார்.

ஐந்து வாரம் கழித்து குழுவில் ஒரு வீட்டில் பிறந்தநாள். கலாவதி அக்கா ஒரு ட்ரே கொண்டுவந்து நடு மேஜையில் வைத்து மூடியைத் திறந்தார். சுருட்டிச் சுருட்டிப் பொரித்த லும்பியா, வரிசை வரிசையாக. "அவியல் சுருள்" என்றார். "எங்க கொங்கு நாட்டுப் பக்கம் அந்தக் காலத்துல செஞ்சதுங்க. இப்ப யாருக்கும் தெரியறதில்ல."

பத்மநாபன் வாயைத் திறந்தார். ஒருமுறை உண்மை பேசி ருசி கண்ட வாய், மறுபடி திறக்கத் துடித்தது. லுஸ் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். ஒன்றை எடுத்துக் கடித்தாள். மென்றாள். இன்னொன்றை எடுத்தாள்.

"அக்கா, ரொம்ப நல்லா இருக்கு" என்றாள் தமிழில். "எப்படி செய்யணும்?"

கலாவதி அக்கா கண்களை ஒரு கணம் எங்கோ அலையவிட்டார். பிறகு லுஸ்ஸைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவியலைத் துணியில் கட்டிப் பிழிவதிலிருந்து ஆரம்பித்து, ஒரு படி விடாமல், பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்.